ஹிப்னோதெரபிக்குப் போகிறீர்களா? குறுக்குத்துறையைச் சொல்லுங்கள்

நெல்லைச் சீமையிலிருந்து பிரிட்டனுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் அதிகம் சொல்லும் குறை வயிறுதான். குளிர், மாறிய சாப்பாடு, வேலைப் பதற்றம் எல்லாம் சேர்ந்து வயிறு பொருமும். பஸ்ஸில் ஏறியதும் கலக்கும். பரிசோதனைகளில் ஒன்றும் தெரியாது. ஐபிஎஸ் (IBS), அதாவது குடல் எளிதில் கலங்கும் கோளாறு, என்பார் டாக்டர். 12 மாதம் மருந்து எடுத்தும் கேட்கவில்லையென்றால் ஹிப்னோதெரபியைப் (மனத்தைத் தளரவைத்து, அந்த நிலையில் பேச்சாலும் கற்பனையாலும் தரும் சிகிச்சை) பரிசீலிக்கலாம் என்று, இங்கே மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பின் வழிகாட்டுதல் 2008 முதல் சொல்கிறது. வயிற்றுக்கென்று இந்த முறையை வளர்த்தவர் மான்செஸ்டர் டாக்டர் பீட்டர் வோர்வெல். அவர் குழுவின் ஆய்வு 1984-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது.

எனக்கும் இதே வயிற்றுக் கோளாறுதான். ஹிப்னோதெரபிக்குப் போகிறேன் என்று ஊருக்கு போன் போட்டுச் சொன்னபோது, "வசியம் வைக்கிற ஆளிடமா போகிறாய்?" என்று என் அத்தை பதறிவிட்டார். வசியமும் அல்ல, கொடையில் சாமி வந்து ஆடுவதும் அல்ல. நினைவு தப்பாது. தெருவில் கார் போகும் சத்தம்கூடக் காதில் விழும். வேண்டாமென்றால் கண்ணைத் திறந்து எழுந்து வந்துவிடலாம்.

முதல் நாள் பெரும்பாலும் பேச்சுதான். எப்போது வலிக்கிறது, தூக்கம் எப்படி, எதை நினைத்தால் பயம் என்று கேட்பார்கள். எந்த இடத்தில் உங்கள் மனம் அமைதியாகும் என்றும் கேட்பார்கள். அதற்குத் தயங்காமல் பதில் சொல்லுங்கள். சிகிச்சை உங்களுக்கென்று அமைவது அங்கேதான். நான் அந்த இடத்தில் தவறினேன். எங்கள் ஆறு இந்தச் சிகிச்சையாளருக்கு எங்கே புரியப்போகிறது என்று நினைத்து, 'கடற்கரை' என்று சொல்லிவைத்தேன். அவர் அலை, மணல் என்று மெல்லச் சொல்லிக்கொண்டே போனார். எனக்குள் ஒன்றும் அசையவில்லை.

அடுத்த முறை எங்கள் நெல்லைப் படித்துறையான குறுக்குத்துறையைச் சொன்னேன். தாமிரபரணிக்குள் நிற்கும் கல்மண்டபம், தண்ணீரில் கால் வைத்ததும் பாதத்தைக் கொத்தும் மீன்குஞ்சுகள், வெயிலேறிய படிக்கட்டின் சூடு. எல்லாவற்றையும் அவர் எழுதிக்கொண்டார். பிறகு கையை வயிற்றின்மேல் வைக்கச் சொல்லி, அந்தப் படிக்கட்டின் சூடு உள்ளே இறங்குவதாகவும் குடல் அந்த ஆற்றைப்போலச் சீராக ஓடுவதாகவும் நினைக்கச் சொன்னார். அன்றைக்குத்தான் என் தோள்கள் தளர்ந்தன. ஏழெட்டு வாரத்தில் வயிறு முழுக்கச் சரியாகிவிடவில்லை. ஆனால் போகிற வழியெல்லாம் கழிப்பறை எங்கே என்று தேடுவது நின்றது.

ஆங்கிலத்தில் கேட்பதை மனம் தமிழாக்கிக்கொண்டே இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். நடுநடுவே இடைவெளி விடச் சொல்லி, உங்களுக்குள் தமிழிலேயே சொல்லிக்கொள்ளலாம்.

இங்கத்து அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ்ஸில் இது பெரும்பாலும் கிடைக்காது; கைக்காசுதான். ஹிப்னோதெரபிஸ்ட் என்று யார் வேண்டுமானாலும் இங்கே பலகை மாட்டலாம், சட்டம் தடுக்காது. ஆகவே இத்தகைய சிகிச்சையாளர்களைத் தகுதி பார்த்துப் பதிவுசெய்யும் சிஎன்ஹெச்சி (CNHC) போன்ற அமைப்பின் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே தடவையில் குணம் என்பவரை நம்பாதீர்கள். வயிற்றுக்குப் பொதுவாக 6 முதல் 12 தடவை போகவேண்டும். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு இருந்தால் முதலில் டாக்டரிடம் ஓடுங்கள். மனச்சிதைவு நோய் உள்ளவர்களுக்கு இது ஆகாது.

வீட்டில் தினமும் கேட்க ஓர் ஒலிப்பதிவு தருவார்கள். அந்த நேரத்தில் கதவைத் தட்ட வேண்டாம் என்று அறைத் தோழர்களிடம் முன்பே சொல்லிவையுங்கள்.