செந்தூலிலிருந்து லாப்லாந்து அருவிக்குப் போகிறவர்களுக்கு

அருவி என்றால் கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்று அர்த்தம். ரவாங் பக்கம் கஞ்சிங், இல்லையென்றால் கோலகுபு பாரு பக்கம் சிலிங். நாசி லெமாக் பொட்டலம், மாற்றுத்துணி, ஒரு பாய், அவ்வளவுதான். மகள் படிக்கப் போன ஊர் ரோவானியெமி, பின்லாந்தின் வடக்கே லாப்லாந்தில், ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டி இருக்கிறது. நானும் என் வீட்டுக்காரரும் செப்டம்பரில் அவளைப் பார்க்கப் போனபோது, "ம்மா, இங்கேயும் ஒரு அருவி இருக்கு, போவோம்" என்றாள். நானும் அதே ஞாயிற்றுக்கிழமைப் புத்தியோடு கிளம்பினேன். பிள்ளைகளைப் பார்க்க அந்தப் பக்கம் போகும் அம்மா அப்பாக்கள் என்னைப் போல அவதிப்பட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அருவியின் பெயர் அவுத்திகோங்காஸ். (மகள் இன்னும் என் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டுதான் இருக்கிறாள்.) உயரம் 16 மீட்டர். பத்துமலை முருகன் சிலை 42.7 மீட்டர், அதில் பாதிகூட வராது. அதனால் தண்ணீரை மட்டும் பார்க்க அவ்வளவு தூரம் போகாதீர்கள், காட்டுக்காகப் போங்கள். நெகிரி செம்பிலான் பாசோ காட்டில் 50 ஹெக்டரில் மட்டும் 800க்கு மேற்பட்ட மரவகைகளை எண்ணியிருக்கிறார்கள். பின்லாந்து முழுவதற்குமே சொந்த மரவகைகள் 30 போலத்தான். பைன், ஸ்ப்ரூஸ், பிர்ச், திரும்பவும் பைன். தோட்டத்தில் பிறந்தவளுக்கு ஒரே மரத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது புதிதில்லை, ஆனால் இது யாரும் நட்ட காடு இல்லை. கிளைகளிலிருந்து கிழவர் தாடி மாதிரி பாசிக்காளான் தொங்குகிறது. காற்று சுத்தமாக இருக்கும் இடத்தில்தான் அது நன்றாக வளருமாம். அப்புறம் அந்த அமைதி. நம் காட்டில் சில்வண்டுச் சத்தம் ஓயவே ஓயாது. அங்கே என் காதுக்குள் இருக்கும் இரைச்சல்தான் எனக்குக் கேட்டது.

எப்போது போவது? செப்டம்பர் முதல் பாதி என்பேன். மே மாதம் பனி உருகும்போது தண்ணீர் அதிகம் வரும், ஆனால் பாதை சேறு. ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் தொடக்கம் வரை கொசு பிடுங்கி எடுக்கும். டிசம்பரில் வெளிச்சமே சில மணி நேரம்தான். செப்டம்பரில் கொசு போய்விடும், இலைகள் மஞ்சளும் சிவப்புமாக மாறும், பகலும் நம் ஊர்ப் பகல் அளவுக்கு நீளமாக இருக்கும்.

மலேசியக் கடப்பிதழுக்கு விசா வேண்டாம், 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். ஹெல்சிங்கியிலிருந்து ரோவானியெமிக்கு இரவு ரயிலில் படுத்துக்கொண்டே போனோம், ஏறக்குறைய 12 மணி நேரம். அங்கிருந்து வாடகைக் கார்தான். 81ஆம் எண் சாலையில் சுமார் 80 கிலோமீட்டர். ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறை) அனைத்துலக ஓட்டுநர் பெர்மிட் எடுத்துக்கொண்டு போங்கள். வண்டி வலப்பக்கம் ஓட வேண்டும். சிக்னல் குச்சியும் இடம் மாறியிருக்கும். என் வீட்டுக்காரர் முதல் நாள் ஒவ்வொரு முச்சந்தியிலும் வைப்பரைத்தான் போட்டார். பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும், அது சட்டம். கலைமான்கள் கேரித் தீவு ரோட்டு மாடுகளைப் போல நடுச்சாலையில் நிற்கும்; ஹார்ன் அடித்தால் நகராது, காத்திருங்கள். ஒன்று தெரிந்தால் பின்னால் இன்னும் நாலு வரும் என்று நினைத்துக்கொண்டு மெதுவாகப் போங்கள்.

இனி உடுப்பு. நான் கோட்டை விட்டது இதில்தான். குளிர் என்றால் தடியாக ஒரு கோட்டு போதும் என்று நினைத்தேன். உள்ளே பருத்தி டீ-ஷர்ட், ஜீன்ஸ், மேலே கோட்டு. பாதை மொத்தமே சுமார் 3.5 கிலோமீட்டர், சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே முடியும். நடுவில் ஒரு குன்று ஏறினால் பார்வைக் கோபுரம். பத்துமலை 272 படி ஏறுகிறவர்களுக்கு அது ஒன்றுமில்லை. ஆனால் ஏறும்போது கோட்டுக்குள் நன்றாக வியர்த்துவிட்டது. இறங்கி வந்து பத்து நிமிஷம் உட்கார்ந்தேன், பல் தந்தியடிக்க ஆரம்பித்தது. அன்றைக்குப் பனிகூட இல்லை, 6, 7 டிகிரிதான். நனைந்த பருத்தி காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மகள் தன் பையிலிருந்து காய்ந்த கம்பளி உள்சட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்து, "உட்காராதீங்க ம்மா, நடங்க" என்று அதட்டினாள்.

ஆகவே மூன்று அடுக்கு. தோலை ஒட்டி கம்பளி அல்லது செயற்கை இழை, நடுவில் பிளீஸ் (மெத்தென்ற செயற்கைத் துணி), வெளியே காற்றும் மழையும் புகாத மெல்லிய ஜாக்கெட். ஏறும் முன்பே ஒன்றைக் கழற்றிவிடுங்கள், உட்காரும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். எல்லாம் புதிதாக வாங்கினால் பணம் கரைந்துவிடும். நம் ஊர் பண்டல் (பழைய துணி) கடைகளில் குளிர்நாட்டு ஜாக்கெட்டுகள் குவிந்து கிடக்கின்றன. ஜிப்பையும் கைமடிப்பையும் பார்த்து எடுங்கள். உள்ளாடையையும் காலுறையையும் மட்டும் புதிதாக வாங்குங்கள். சப்பாத்து கணுக்காலைப் பிடித்து நிற்க வேண்டும், ஏனென்றால் சதுப்பு நிலத்தின்மேல் பலகை போட்டுத்தான் பாதை வைத்திருக்கிறார்கள். காலையில் அந்தப் பலகையில் உறைபனி படிந்து எண்ணெய் தடவினது போல வழுக்கும். பத்து மணிக்குமேல் இறங்குங்கள்.

அருவியைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர், "யாரோ தே-ஓ கொட்டிவிட்டார்கள்" என்றார். நிஜமாகவே பால் விடாத தேநீரின் அந்த நிறம்தான். அழுக்கு இல்லை, கரிச்சதுப்பு நிலத்தில் மக்கிய செடிகளின் சாயம். தஞ்சோங் காராங் பக்கத்துக் கால்வாய்களில் பார்த்திருப்பீர்கள், அதே சங்கதி. பக்கத்தில் ஒரு பழைய மரச்சரிவு இருக்கிறது. வெட்டிய மரங்களை ஆற்றில் மிதக்கவிட்ட காலத்தில், அவை அருவியில் விழுந்து சிக்கி உடையாமலிருக்க அதன் வழியாகச் சறுக்கி விடுவார்களாம். எனக்கு அருவியைவிட அதைத்தான் அதிக நேரம் பார்க்கத் தோன்றியது.

குளிக்க ஆசை வரும். வேண்டாம். நம் ஊரில் பயம் கெப்பாலா ஆயர் என்கிற திடீர் வெள்ளம்; மேலே மழை பெய்தால் கீழே அடித்துக்கொண்டு போய்விடும். அங்கே குளிர்தான் ஆபத்து. அந்தத் தண்ணீரில் திடீரென்று இறங்கினால் மூச்சு தானாக இழுத்துக்கொள்ளும், கை கால் சீக்கிரம் விறைத்துவிடும். ஒரு நல்ல செய்தி, நம் காட்டுப் பாதையில் காலில் ஏறுகிற அட்டை அங்கே கிடையாது. எதற்கும் அங்கத்திய அவசர உதவி எண்ணான 112இன் செயலியைக் கைப்பேசியில் ஏற்றிக்கொள்ளுங்கள். அதிலிருந்து அழைத்தால் நீங்கள் இருக்கும் இடம் அவர்களுக்குத் தெரிந்துவிடும். கைப்பேசியை உள்பையில் வையுங்கள், குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும்.

இப்படிப்பட்ட பாதைகளில் நெருப்பு மூட்ட இடமும் விறகும் வைத்திருப்பார்கள். காட்டுத்தீ எச்சரிக்கை இருக்கும் நாளில் திறந்தவெளியில் மூட்டக் கூடாது. கழிப்பறையில் தண்ணீர் இருக்காது, நம் ஆட்கள் ஒரு போத்தல் கொண்டுபோவது நல்லது. சாப்பாட்டுக்கு ஊரிலிருந்து கோழி ரெண்டாங், பால் மாவு எதுவும் எடுத்துப் போகாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுவர விடமாட்டார்கள். மீனுக்கு அந்தத் தடை இல்லை, எங்கள் நெத்திலி சம்பால் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது. பிளாஸ்கில் சூடான தே-ஓ, ரொட்டிக்குள் சம்பால்.

பாதையோரம் சிவப்பாகச் சின்னச் சின்னப் பழம் தரையோடு காய்த்திருக்கும். புவோலுக்கா என்பார்கள். அந்த நாட்டில் காட்டுப்பழத்தை யார் வேண்டுமானாலும் பறிக்கலாம். தெரியாத பழத்தைத் தொடாதீர்கள், தெரிந்தவர் ஒருவர் காட்டட்டும். வாயில் போட்டால் நெல்லிக்காய்ப் புளிப்பு, கடைசியில் கொஞ்சம் கசப்பு. நான் ஒரு டப்பா பறித்துவந்து மகளின் அறையில் கடுகு, வெந்தயம், மிளகாய்த்தூள் போட்டு ஊறுகாய் செய்தேன். வினிகர் தேவைப்படவில்லை; அந்தப் பழத்திலேயே பென்சாயிக் அமிலம் இருப்பதால் சுலபத்தில் கெடாது. உப்பை மட்டும் முதலில் குறைவாகப் போடுங்கள், மறுநாள் ருசி பார்த்துக் கூட்டிக்கொள்ளலாம்.