ப்ளஸ் டூ தேர்வு முதல் கல்லூரி திறப்பு வரை: 1500, 5000 மீட்டர் ஓடுகிறவர்களுக்கு 12 வாரப் பயிற்சி

மார்ச் கடைசியில் தேர்வு முடிகிறது. கல்லூரி திறக்க ஜூன் கடைசி, சில இடங்களில் ஜூலை ஆகிவிடும். பள்ளியில் நன்றாக ஓடிய எத்தனையோ பிள்ளைகள் ஓட்டத்தையே விட்டுவிடுவது இந்த மூன்று மாதத்தில்தான். பி.இ.டி. சார் இல்லை, போட்டி இல்லை, வெயிலோ கொளுத்துகிறது. ஆனால் கல்லூரிக்குப் போனதும் தூரம் கூடும். 10,000 மீட்டர் என்றால் 400 மீட்டர் டிராக்கில் 25 ரவுண்டு. 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் என்றால் 28 தடை, 7 தண்ணீர்க் குழி. அதைத் தாங்கும் உடம்பை இப்போதே தயார் செய்ய வேண்டும். வார்ம்-அப்பும் டிரில்ஸும் உங்களுக்குத் தெரிந்ததுதான், அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

படி 1: கிலோமீட்டர் கணக்கு

தேர்வுக்காக இரண்டு மாதம் ஓடாமல் இருந்திருந்தால் பழைய டைமிங்கை மறந்துவிடுங்கள். முதல் இரண்டு வாரம், வாரத்துக்கு 4 நாள், நாளுக்கு 5 கி.மீ. மூன்றாவது வாரம் 5 நாள், மொத்தம் 25 கி.மீ. நான்காவது வாரம் அதில் கால் பங்கைக் குறையுங்கள். ஐந்தாவது வாரம் 29. அதன்பின் வாரத்துக்கு 4 கி.மீ.க்கு மேல் கூட்டக் கூடாது. எட்டாவது, பன்னிரண்டாவது வாரங்களிலும் இதே போல் குறைத்துக்கொள்ளுங்கள். குறைத்த வாரத்துக்கு அடுத்த வாரம், அதற்கு முந்தைய வாரத்தின் தூரத்திலிருந்து கூட்டுங்கள். இப்படிப் போனால் பதினோராவது வாரத்தில் 49 கி.மீ.யைத் தொட்டுவிடலாம். முதல் இரண்டு வாரத்துக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை லாங் ரன் 8 கி.மீ.யில் தொடங்கி 14 வரை போகட்டும்.

புதன், சனி ஓட்டம் முடிந்ததும் 80 மீட்டர் ஸ்ட்ரைட்ஸ் (சீராக வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும் சின்ன ஓட்டம்) 6 முறை. திரும்பி வரும்போது நடந்தே வரவும்.

படி 2: மெதுவாக ஓடுவது

கிட்டத்தட்ட எல்லோரும் தவறுவது இங்கேதான். 5000 மீட்டரை 16:40க்கு ஓடுகிறவரின் போட்டி வேகம் ரவுண்டுக்கு 80 விநாடி. அவருடைய ஈஸி ரன் கி.மீ.க்கு 4:50 முதல் 5:20 வரை இருக்க வேண்டும். ரவுண்டுக்கு 1:56 முதல் 2:08. கேட்கும்போதே பலருக்கு இது அவமானமாகத் தோன்றும். ஆனால் தசைக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுவதும், இதயம் ஒரு துடிப்பில் அதிக இரத்தம் தள்ளப் பழகுவதும் இந்த வேகத்திலேயே நடக்கும். தினமும் வேகமாக ஓடினால் கால் அசதிதான் மிஞ்சும், கிலோமீட்டர் கூடாது.

காலை 5 மணிக்கு எந்த ஊர் கிரவுண்டுக்குப் போனாலும் போலீஸ் செலக்‌ஷனுக்குப் பயிற்சி எடுக்கும் அண்ணன்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். ரவுண்டுக்கு 1:52, அதாவது உங்கள் ஈஸி வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். அவர்கள் பக்கத்தில் வந்து தாண்டும்போது உங்கள் காலும் தானாக வேகமெடுக்கும். விட்டுவிடுங்கள், போகட்டும். அவர்கள் பயிற்சி வேறு, உங்கள் பயிற்சி வேறு.

சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் வியர்வை காயாது. அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக உழைக்கும். அங்கே கடிகாரத்தைப் பார்க்காமல் பேச்சை வைத்து அளவிடுங்கள். மூச்சு முட்டாமல் ஒரு முழு வாக்கியம் பேச வர வேண்டும். ஆறரைக்குள் ஓட்டத்தை முடித்துவிடவும்.

ஏழாவது வாரத்திலிருந்து வாரம் ஒரு நாள் மட்டும் 20 நிமிட டெம்போ, அதாவது போட்டி வேகத்தைவிடக் கொஞ்சம் குறைவான சீரான வேகத்தில் ஓடுவது. மேலே சொன்ன ஓட்டக்காரருக்கு கி.மீ.க்கு 3:40 முதல் 3:45.

படி 3: கடிகாரமும் ஷூவும்

ஜி.பி.எஸ். வாட்ச் இப்போது தேவையில்லை. லேப் (ஒவ்வொரு ரவுண்டு) நேரங்களைச் சேமிக்கும் சாதாரண டிஜிட்டல் வாட்சும் ஒரு நோட்டும் போதும். கேசியோ எஃப்-91டபிள்யூ மலிவுதான், ஆனால் அதன் ஸ்டாப்வாட்ச் ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடும், லேப்களையும் சேமிக்காது.

மண் கிரவுண்டில் வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் ஷூவுக்கு ஒரே நாளில் மாற வேண்டாம். முதல் வாரம் பாதித் தூரம் மட்டும் ஷூ போட்டு ஓடுங்கள். அடியில் ஆணி வைத்த ஸ்பைக்ஸ் ஷூவை ஸ்ட்ரைட்ஸுக்கு மட்டும் போட்டுப் பழகவும். எடுத்த எடுப்பில் நீண்ட தூரம் ஓடினால் கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் பிடித்துக்கொள்ளும். சிந்தெடிக் டிராக்கில் ஆணி 9 மி.மீ.க்கு மேல் கூடாது. நெடுந்தூரத்துக்கு 6 மி.மீ. போதும்.

படி 4: முழங்காலுக்குக் கீழே வலித்தால்

கால் எலும்பின் உள்விளிம்பைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழே அழுத்திப் பாருங்கள். உள்ளங்கை நீளத்துக்குப் பரவலாக வலித்தால் ஒரு வாரம் தூரத்தைப் பாதியாக்கி, மண் தரையில் ஓடவும். விரல்நுனி அளவு ஒரே இடத்தில் சுரீர் என்று வலித்து, ஒற்றைக்காலில் குதித்தாலும் அங்கேயே வலித்தால் எலும்பில் கீறல் இருக்கலாம். அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஸ்பிரே அடித்துக்கொண்டு ஓடாதீர்கள், தயவுசெய்து.

படி 5: சாப்பாடு

ஓடும் முன் ஒரு வாழைப்பழம். முடித்து அரை மணிக்குள் மோர் ஊற்றிய பழைய சோறு, இரண்டு முட்டை அல்லது ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ வேண்டாம், அது இரும்புச்சத்தை உறிஞ்ச விடாது. ஓடும் முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் போயிருக்கிறது. உப்பு போட்ட எலுமிச்சை ஜூஸாக அதைத் திருப்பிக் கொடுங்கள். ஜிம்மில் யாரோ தரும் பவுடர், ஊசி எதையும் தொடாதீர்கள். ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினால் ‘தெரியாமல் சாப்பிட்டேன்’ என்ற பதில் செல்லாது.

படி 6: சேருவதற்கு முன் கேட்க வேண்டியவை

ஹாஸ்டல் கேட்டைக் காலை 5 மணிக்குத் திறப்பார்களா? மெஸ்ஸில் டிபன் எத்தனை மணி வரை கிடைக்கும்? நெடுந்தூரத்துக்குத் தனி கோச் உண்டா? சான்றிதழ்களின் அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

பின்சேர்க்கை: எங்கள் ஊரில் 200 மீட்டர் கிரவுண்டுதான், என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தார்கள். ஒரே பக்கமாகத் திரும்பிக்கொண்டே இருந்தால் இரண்டு காலுக்கும் பாரம் ஒரே மாதிரி விழாது. 10 நிமிடத்துக்கு ஒருமுறை திசையை மாற்றுங்கள். லாங் ரன்னை ஏரிக்கரைக்கோ வண்டி அதிகம் வராத சாலைக்கோ மாற்றிக்கொள்ளலாம்.

மாணவிகள் கேட்டது: பயிற்சி கூடியதும் மாதவிடாய் நின்றுவிட்டது, இது சகஜமா? சகஜமில்லை. ஓடும் அளவுக்குச் சாப்பாடு போதவில்லை என்பதன் அறிகுறியாக இருக்கலாம், எலும்பும் பலவீனமாகும். சாப்பாட்டைக் கூட்டி, தூரத்தைக் குறைத்து, மகளிர் நல மருத்துவரைப் பாருங்கள். போகும்போது இரத்தத்தில் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் (உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்பதைக் காட்டுவது) பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.