ஐந்து ஊர்ப் பெயரும் மூன்று எடிற்றரும்

உயர்தரத்தில் ஐசிடி (தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்) எடுத்துப் பைதன் நிரல்மொழி தொடங்கும் யாழ்ப்பாணப் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணா, எந்த எடிற்றர் போடுறது?" என்பதைத்தான். எடிற்றர் என்றால் நிரல் எழுதும் மென்பொருள். ஒரே வேலையை மூன்று எடிற்றரிலும் செய்து பாருங்கள். எது தோதென்று கைக்கே தெரிந்துவிடும்.

படி 1: நோட்பேட் பிளஸ் பிளஸ், விஎஸ் கோட், விம் மூன்றையும் நிறுவுங்கள். மூன்றும் இலவசம். வரிக்கு ஒன்றாக நல்லூர், கோப்பாய், சாவகச்சேரி, பருத்தித்துறை, காரைநகர் என்று ரைப் செய்து, யுடிஎஃப்-8 (தமிழ் எழுத்தையும் சேமிக்கும் குறியீட்டு முறை) ஆகச் சேமித்து, மூன்று பிரதி எடுங்கள். பைதன் பட்டியலில் போடுவதற்கு ஒவ்வொரு வரியும் "நல்லூர்", என்று மேற்கோள் குறியும் காற்புள்ளியுமாக மாறவேண்டும். ஐந்தைக் கையால் மாற்றலாம். மாவட்டத்தின் 435 கிராம சேவையாளர் பிரிவுகளையும் அப்படி மாற்ற முடியுமா?

படி 2: நோட்பேட் பிளஸ் பிளஸ். 2003இல் வந்தது, பழைய கணினியிலும் சட்டென்று திறக்கும். கண்ட்ரோல்+எச் அழுத்தி, கீழே ரெகுலர் எக்ஸ்பிரஷனை (எழுத்துக் கோலத்தைக் கொண்டு தேடும் முறை) தெரிவு செய்யுங்கள். தேடும் பெட்டியில் ^(.+)$ என்றும், மாற்றும் பெட்டியில் "$1", என்றும் போட்டு எல்லாவற்றையும் மாற்றுங்கள். அடைப்புக்குள் அகப்பட்ட பெயர்தான் $1.

படி 3: விஎஸ் கோட். கண்ட்ரோல்+ஏ, பிறகு ஷிஃப்ட்+ஆல்ட்+ஐ. ஐந்து வரியின் கடைசியிலும் ஒவ்வொரு கேர்சர் மினுங்கும். ", என்று ஒருதரம் அடியுங்கள், ஐந்திலும் விழும். ஹோம் கீயை அழுத்தி " அடியுங்கள். முடிந்தது. இதிலே ஒரு கவனம்: தமிழ் எழுத்துகளின் அகலம் ஒன்றுபோல இராது. வரிகளின் நடுவில் நெடுக்காகத் தெரிவு செய்தால் கோடு கோணலாகிவிடும். வரியின் தலையையும் வாலையும் பிடிப்பதே நல்லது.

படி 4: விம். திறந்ததும் ரைப் செய்ய விடாது. எழுத்துகள் எல்லாம் அங்கே கட்டளைகள். சின்ன ஜி இரண்டு தரம், கண்ட்ரோல்+வி, பெரிய ஜி, பெரிய ஐ, பிறகு " அடித்து எஸ்கேப். மறுபடி சின்ன ஜி இரண்டு, கண்ட்ரோல்+வி, பெரிய ஜி, $, பெரிய ஏ, பிறகு ", அடித்து எஸ்கேப். விண்டோஸில் கண்ட்ரோல்+வி ஒட்டும் வேலையைச் செய்தால் கண்ட்ரோல்+கியூ அழுத்துங்கள்.

தமிழ் கீபோர்ட்டில் நின்றால் விம்மின் இந்த எழுத்துக் கட்டளைகள் ஒன்றும் கேட்காது. விண்டோஸ்+ஸ்பேஸ் அழுத்தி ஆங்கிலத்துக்கு மாறிவிட்டுத் தொடங்குங்கள். நாள் முழுக்கத் தமிழும் நிரலும் கலந்து எழுதுகிறவர்களுக்கு இந்த மாறல் பெரிய அலுப்பு. அதனால் பிள்ளைகளை விஎஸ் கோட்டில்தான் தொடங்கச் சொல்கிறேன். லினக்ஸ் சேர்வரில் வேலை வரும்போது விம்மை எடுங்கள். அங்கே பெரும்பாலும் அதுவோ, அதன் மூத்தது விஐயோ இருக்கும்.