இரண்டாவது கட்டத்தில் ஓர் ஓட்டை: பள்ளி இணைய வடிகட்டியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளிக் கணினிக்கூடத்துக்கு முதன்முறையாக வடிகட்டி போடுபவர்கள் பெரும்பாலும் ஒரே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். அவர்களுக்கு முன்னால் போட்டவர்களும் விழுந்த பள்ளம் அது. ரூட்டரின் கடவுச்சொல்லை 'அட்மின்' என்றே விட்டுவைக்கக் கூடாது என்பதெல்லாம் யாருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுவோம்.

இரண்டாவது டிஎன்எஸ் கட்டத்தில் 8.8.8.8

தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் தருவது டிஎன்எஸ் சர்வர். ரூட்டரில் அந்த டிஎன்எஸ் முகவரிக்கு இரண்டு கட்டங்கள் இருக்கும். முதலாவதில் ஆபாசத் தளங்களைத் தடுக்கும் கிளவுட்ஃபிளேரின் 1.1.1.3-ஐப் போடுவார்கள். இரண்டாவது காலியாக இருப்பதைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. 'ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும்' என்று கூகுளின் 8.8.8.8-ஐப் போட்டுவிடுவார்கள். அது எந்த ஆபாசத் தளத்தையும் தடுக்காது.

இரண்டாவது கட்டம் ஸ்டெப்னி டயர் அல்ல, முதலாவது பஞ்சரானால்தான் இறங்கும் என்று நினைக்க. பல ரூட்டர்களுக்குள் ஓடும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற மென்பொருள், இயல்பான அமைப்பில் வரிசையே பார்ப்பதில்லை. தனக்குத் தெரிந்த சர்வர்களில் எதை வேண்டுமானாலும் கேட்கும். விண்டோஸ் வரிசை பார்க்கும், ஆனால் முதலாவது ஒரு விநாடி தாமதித்தாலே அடுத்ததைக் கேட்டுவிடும். லினக்ஸில் இந்த வேலையைப் பார்க்கும் சிஸ்டம்டி-ரிசால்வ்டு ஒருமுறை இரண்டாவதுக்குத் தாவிவிட்டால், அது தவறும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

பிறகு நடப்பது இதுதான். மாலையில், கூடத்தில் ஆளில்லாதபோது ஒரு கணினியில் சோதிப்பார்கள். தளம் திறக்காது. 'வேலை செய்கிறது' என்று எழுதிவைத்துவிட்டுப் போவார்கள். மறுநாள் முதல் பீரியடில் 40 கணினிகள் ஒன்றாக விழிக்கும். லைன் திணறும், சில கேள்விகள் 8.8.8.8-க்குப் போகும், மூன்றாம் வரிசைத் திரை ஒன்றில் வரக்கூடாதது வந்து நிற்கும். ஆசிரியர் புகார் சொல்வார். வந்து பார்த்தால் தளம் திறக்காது! 'பையன் தடையைச் சுற்றிப் போக ஏதோ விபிஎன் போட்டிருக்கிறான்' என்று பழி அந்தப் பிள்ளை தலையில் விழும். அமைத்தவர் தன் இரண்டாவது கட்டத்தைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. எரிச்சல் மூட்டுவது இதுதான்.

இரண்டாவதிலும் அதே சேவையின் 1.0.0.3-ஐப் போடுங்கள். ஐபிவி6 என்ற புதிய முகவரி முறையும் ஓடினால் அதற்குத் தனியாக 2606:4700:4700::1113, 2606:4700:4700::1003. இதை மறந்தால் இணைய நிறுவனத்தின் ஐபிவி6 டிஎன்எஸ் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும், ஐபிவி4-இல் செய்ததெல்லாம் வீண். அடுத்து ரூட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள், அதன் கேஷில், அதாவது தற்காலிக நினைவில், கிடக்கும் பழைய பதில் ஏமாற்றும். பிறகு மாணவர் கணினியில் என்எஸ்லுக்அப் (nslookup) கட்டளையால், தடுக்கப்பட வேண்டிய ஒரு தளத்தைக் கேளுங்கள். 0.0.0.0 என்று வர வேண்டும், ஐபிவி6-க்கு வெறும் :: என்று வரும். வேறு முகவரி வந்தால் கசிவு. கூடம் நிரம்பியிருக்கும்போது நான்கைந்து கணினிகளில், ஒவ்வொன்றிலும் பத்துத் தளங்களைக் கேட்டுப் பார்த்தால்தான் அது சோதனை.

வாசலைப் பூட்டி, கொல்லையைத் திறந்துவைப்பது

டிஎன்எஸ்ஸைக் கணினியிலேயே மாற்றிக்கொள்ள எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டு நிமிடம் போதும். போக்குவரத்தைக் காவல் காக்கும் ஃபயர்வாலில், டிஎன்எஸ் கேள்விகள் வெளியே போகும் வாசலான போர்ட் 53-ஐ, யுடிபி, டிசிபி என்ற இரண்டு அனுப்பும் முறைகளிலும், ரூட்டருக்கு மட்டும் அனுமதியுங்கள். 853-ஐ அடியோடு மூடுங்கள், கேள்வியை மறைத்து அனுப்பும் ஆண்ட்ராய்டின் பிரைவேட் டிஎன்எஸ் பெரும்பாலும் அந்த வழியில்தான் போகும். பிரவுசருக்குள் இருக்கும் பாதுகாப்பான டிஎன்எஸ் 443-இல் மற்ற இணையப் போக்குவரத்தோடு கலந்து போவதால் போர்ட்டை மூட வழியில்லை. பள்ளிக் கணினிகளில், எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து விதி போடும் விண்டோஸின் குரூப் பாலிசி வழியாக அதை பிரவுசரிலேயே அணைத்துவிட வேண்டும்.

சொல் பட்டியல்

தளத்தை விட்டுச் சொல்லைத் தடுக்கப் போனால் தமிழில் சிக்கல் இரட்டிப்பு. தங்கிலீஷில் தட்டினால் விதையின் முளை, அறையின் மூலை, தலைக்குள் இருக்கும் மூளை, முலை நான்கும் mulai என்ற அதே ஐந்து எழுத்தாகிவிடக்கூடும். தடுத்தால் அறிவியல் பாடமே அடைபடும்.

அதைவிட மோசம், 'பாலியல்' என்ற சொல்லைப் பட்டியலில் சேர்ப்பது. ஆபாசம் தேடுபவன் அந்தச் சொல்லைத் தட்டுவது அபூர்வம். 'பாலியல் தொல்லை யாரிடம் சொல்வது' என்று தேடும் பிள்ளைதான் தட்டும். குழந்தைகள் உதவி மையங்களின் பக்கங்களை அனுமதிப் பட்டியலில் முதல் நாளே ஏற்றுங்கள், வேறு எதைத் தடுப்பதற்கும் முன்பாக.

படத் தேடல்

தேடல் பக்கத்தின் சிறுபடங்கள் கூகுளிடமிருந்தே வருகின்றன. மூலத் தளத்தைத் தடுத்தாலும் அவை தெரியும். சொந்த டிஎன்எஸ் சர்வர் இருந்தால் கூகுள் தேடல் முகவரியை 216.239.38.120-க்குத் திருப்புங்கள், ஆபாசப் படங்களை விலக்கிக் காட்டும் சேஃப்சர்ச் கட்டாயமாகிவிடும்.

தடையைத் தாண்ட ஆசிரியர் எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல்

வேண்டாம். ஒரே வாரத்தில் கடைசி பெஞ்சுக்குத் தெரிந்துவிடும்.

மொபைல் ஹாட்ஸ்பாட்

அது உங்கள் ரூட்டர் பக்கமே வராது, அதனால் இந்த வடிகட்டி அதைத் தொடாது.

தடை அறிவிப்பு

0.0.0.0 என்ற பதிலுக்கு அறிவிப்புப் பக்கம் எதுவும் கிடையாது. பிரவுசர் 'இணைக்க முடியவில்லை' என்று மட்டும் சொல்லும். நெட் போய்விட்டது என்று நினைத்து யாராவது ரூட்டரை அணைத்துப் போடுவார், பாதி வகுப்பின் வேலை போகும். கூடத்தின் சுவரில் ஒரு தாளை ஒட்டிவையுங்கள்: எந்தத் தளம், எந்தக் கணினி, எத்தனை மணி. வாரம் ஒருமுறை அதைக் கழற்றி எடுத்து, தவறாக அடைபட்டவற்றைத் திறந்துவிடுங்கள்.