பூனைக்கு முயல் சலித்துப்போகட்டும்

பூனையும் முயலும் ஒரே வீட்டில் இருந்தால், இரண்டையும் எப்படியாவது சேக்காளி ஆக்கிவிட வேண்டும் என்று பலரும் அவசரப்படுகிறார்கள். அது தேவையில்லை. முயலைப் பார்த்துப் பார்த்துப் பூனைக்குச் சலித்துப்போனால் போதும். பயந்தால் ஓடுவது முயலின் குணம், ஓடுவதைத் துரத்துவது பூனையின் குணம். முயலுக்கு ஓட வேண்டிய நிலை வராமல் பார்த்துக்கொண்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

முயல் வளர்ந்ததாக, இரண்டு கிலோவாவது இருப்பதாகப் பாருங்கள். குட்டி முயல் பூனையின் கண்ணுக்கு எலிதான். கடுவன் முயல் பூனை மேலேயே ஏறித் தொல்லை கொடுக்கும் என்பதால் நாலைந்து மாதத்தில் கருத்தடை செய்துவிடுவது நல்லது. விளையில் (தோட்டத்தில்) எலியும் ஓணானும் பிடித்தே வளர்ந்த பூனை சில நேரம் எதற்குமே மசியாது. அதற்குத் தனி அறைதான். ரப்பர் தோட்டத்தில் அகப்படும் காட்டு முயல் குட்டியைக் கொண்டுவந்து இதற்குள் சேர்க்காதீர்கள். 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அதை வளர்ப்பது குற்றம்.

கூட்டுக்கு, ஓர் அங்குலத்துக்கு அரை அங்குலம் கண் கொண்ட வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பிவலை) வாங்குங்கள். கோழிவலை வளையும், கண்ணும் பெரிது. பூனையின் கை உள்ளே போய்விடும். இரண்டு பக்கம் சுவரோடு சேர்த்து வைத்தால் முயலுக்குத் தைரியம் வரும். உள்ளே ஒளிய ஒரு மரப்பெட்டி. முயலை வெளியே விடும் அறையிலும் ஒரு பெட்டி வேண்டும், ஆனால் அதற்கு இரண்டு வாசல் இருக்க வேண்டும். ஒரே வாசல் என்றால் பூனை அங்கே உட்கார்ந்து வழியை மறித்துவிடும். தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட சாய்ப்பில் கூட்டை வைக்காதீர்கள்; 30 டிகிரிக்கு மேல் போனால் முயல் தவித்துப்போகும்.

முதல் வாரம் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே கூடாது. பழைய துவர்த்து (துண்டு) ஒன்றைப் பூனையின் கன்னத்தில் தேய்த்து முயல் கூட்டருகே போடுங்கள். முயல் படுத்த துணியைப் பூனையின் சாப்பாட்டுத் தட்டின் பக்கத்தில் வையுங்கள். அந்த வாசனையோடு இரண்டும் வழக்கம்போலத் தின்றால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

இரண்டாம் வாரம் முயல் பூட்டிய கூட்டுக்குள், பூனை ஆறேழு அடி தள்ளி. தினம் இரண்டு தடவை, பத்து நிமிடம். விடியலிலும் அந்தியிலும் வேண்டாம், பூனைக்கு வேட்டைப் புத்தி வரும் நேரம் அது. சாளை மீனும் சோறும் வயிறு நிறையத் தின்று மயங்கிக் கிடக்கும் நேரமே சரி. அப்போது வாலின் நுனியைப் பாருங்கள். உடம்பு தரையோடு பதிந்து, கண் இமைக்காமல், வால் நுனி மட்டும் துடித்தால் அடுத்தது பாய்ச்சல்தான். சத்தம் போடாமல் பூனையைத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள். முயலிடமிருந்து கண்ணை எடுத்துத் தன்னை நக்க ஆரம்பித்தால், உப்பில்லாமல் அவித்த நெத்திலி ஒன்று கொடுங்கள். முயல் பின்னங்காலால் தரையைத் தட்டினாலும் அன்றைக்கு அவ்வளவுதான்.

நாலைந்து நாள் பூனை சும்மா இருந்தபின், அதன் நகத்தை வெட்டி, மார்புப் பட்டியும் கயிறும் மாட்டி, முயலைத் தரையில் விடுங்கள். முயலை மடியில் பிடித்துவைத்துக் காட்ட வேண்டாம். திமிறி உதைக்கும் வேகத்தில் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளும். அதுவாக வந்து மோந்து பார்க்கட்டும். பக்கவாட்டில் சாய்ந்து காலை நீட்டிப் படுத்தால் பயம் தெளிந்துவிட்டது என்று அர்த்தம். அதன்பிறகும் ஆளில்லாமல் இரண்டையும் ஒன்றாக விடக் கூடாது.

பூனை கீறினாலோ கடித்தாலோ காயம் ரோமத்துக்கு அடியில் தெரியாது. விரலால் ரோமத்தை விலக்கி விலக்கித் தோலைப் பாருங்கள். பூனையின் வாயில் இருக்கும் பாஸ்டுரெல்லா கிருமி சின்னக் காயத்திலேயே சீழ் வைத்து முயலைக் கொல்லும், அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். வீட்டில் இருக்கும் அமாக்சிசிலின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை வாய்வழியாகக் கொடுத்துவிடாதீர்கள். குடலின் நல்ல கிருமிகள் செத்து முயலும் போய்விடும். பூனையின் உண்ணிக்குப் போடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்தும் முயலுக்கு விஷம். காயமே இல்லாவிட்டாலும், பயந்த முயல் பன்னிரண்டு மணிநேரம் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் அவசரம்தான்.

பூனையின் மலப்பெட்டியும் சாப்பாடும் முயலுக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். முயலுக்கு அருகம்புல், முள்முருங்கை இலை போதும். மரச்சீனி (மரவள்ளி) இலை கூடாது, சயனைடு உண்டு. மழைக்காலத்தில் புல்லைப் பூஞ்சை பிடிக்காமல் உலர்த்திக் கொடுங்கள்.

ராத்திரி கூட்டுக் கதவுக்குக் கொக்கி மட்டும் போதாது. பூனை கையால் தட்டித் தட்டியே திறந்துவிடும். மேலே ஒரு கம்பியை முறுக்கிக் கட்டிவிடுங்கள்.