டெலிகிராமில் சொன்னது டிஸ்கார்டில் விழாதபோது

முட்டத்தில் எங்கள் தெரு வள்ளக்காரர்களுக்கு டெலிகிராமில் ஒரு குழு. வெளிநாட்டில் வேலை பார்க்கும் பையன்கள் எல்லாம் டிஸ்கார்டில். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது ஒரு தகவலும் கிடைக்காமல் கரையில் நின்று தவித்தோம். அதனால்தான் கள்ளக்கடல் (திடீரென்று கரையேறும் பேரலை) எச்சரிக்கை எது வந்தாலும் இரண்டு பக்கமும் உடனே போகட்டும் என்று ஒரு குழுவில் வரும் மெசேஜை இன்னொன்றுக்குக் கடத்தும் மேட்டர்பிரிட்ஜ் என்ற மென்பொருளைப் பழைய லேப்டாப்பில் ஓடவிட்டேன்.

டிஸ்கார்டில் எழுதியது டெலிகிராமுக்கு வந்தது. திரும்பிப் போகவில்லை. "மக்கா, நான் போட்டது அங்க வரல்லியாமே?" என்று சித்தப்பா கூப்பிட்டபோது இரவு பதினொரு மணி. மேட்டர்பிரிட்ஜுக்காக டெலிகிராம் குழுவில் சேர்த்திருந்த பாட், அதாவது தானியங்கிக் கணக்கு; அதன் ரகசியச் சாவியான டோக்கன் சரி. -100 என்று தொடங்கும் குழு எண்ணும் கழித்தல் குறியோடு சரி. மென்பொருள் எழுதிவைக்கும் லாகில் ஒரு பிழையும் இல்லை.

பிறகுதான் கவனித்தேன்: பாட் அனுப்பிய மெசேஜுக்கு ரிப்ளையாகப் போட்டது மட்டும் அந்தப் பக்கம் போயிருந்தது. டெலிகிராம் பாட்களுக்குப் பிரைவசி மோட் முதலிலிருந்தே ஆனில் இருக்கும். கட்டளைகள், தனக்கு வந்த ரிப்ளை போன்றவை தவிர குழுவின் சாதாரணப் பேச்சு அதற்குத் தெரியாது. பாட்களை நிர்வகிக்கும் டெலிகிராமின் பாட்ஃபாதரில் செட்பிரைவசி கட்டளை கொடுத்து டிசேபிள் செய்தேன். அப்போதும் அசையவில்லை. பாட்-ஐக் குழுவிலிருந்து நீக்கி மறுபடி சேர்த்த பிறகுதான் மாற்றம் பிடித்தது. இந்தக் கடைசிப் படியில்தான் என் பாதி இரவு போனது.

டிஸ்கார்டு பக்கம் டெவலப்பர் போர்ட்டலில் மெசேஜ் கன்டென்ட் இன்டென்ட்டை (மெசேஜில் உள்ளதைப் படிக்க பாட்டுக்குத் தரும் அனுமதி) மறக்காமல் ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் மெசேஜ் வெறுமையாக வரும்.

விடியற்காலை சித்தப்பா எழுதினார்: "காத்து மாறுது, வள்ளத்த மேல ஏத்திக் கட்டுங்க." அடுத்த நொடி டிஸ்கார்டில் அதே வரி, அவர் பெயரோடு.