விமானம் எத்தனை மணி நேரம் பறக்கும்? நீங்களே கணக்குப் போடலாம்

தொலைதூரப் பயணம் போகிறீர்களா? இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கிலோமீட்டரில் எடுத்து, விமானத்தின் மணி வேகமான 850-ஆல் வகுத்து, விமானம் மேலே ஏறி இறங்க அரை மணி நேரம் சேருங்கள். பறக்கும் நேரம் ஏறக்குறைய வந்துவிடும். டோக்கியோ – லாஸ் ஏஞ்சலஸ் சுமார் 8,800 கி.மீ. கணக்குப்படி 11 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு.

தூரத்தைத் தட்டையான வரைபடத்தில் அளக்காதீர்கள், ஏமாந்துபோவீர்கள். ஓர் உலக உருண்டையில் இந்த இரண்டு ஊர்களுக்கும் நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் பசிபிக்கின் நடுவே போகாமல் வடக்கே ஏறிப் போகும். அதுதான் குறுக்குவழி.

அப்புறம் காற்று. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று விமானத்தைத் தள்ளிவிடும். அதனால் டோக்கியோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போக சுமார் 10 மணி நேரம், திரும்பி வர 11, 12 மணி நேரம்கூட ஆகும். குளிர்காலத்தில் இந்த வித்தியாசம் இன்னும் கூடும்.

பலரும் தடுமாறும் இடம் டிக்கெட்தான். அதில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். குளிர்காலத்தில் டோக்கியோ, லாஸ் ஏஞ்சலஸைவிட 17 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே மாலை 5 மணிக்கு ஏறினால், அதே தேதி காலை 10 மணிக்கு லாஸ் ஏஞ்சலஸில் இறங்குவீர்கள்! கழித்துப் பார்க்காமல், டிக்கெட்டில் 'பயண நேரம்' என்று தனியாக இருப்பதைப் பாருங்கள். நடுவில் விமானம் மாறினால் காத்திருக்கும் நேரமும் அதில் சேர்ந்தே இருக்கும்.